பரம்பரை வயிறு

என் வயிற்றுக்கு நான் பொறுப்பில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கும் வயிறு, அவருடைய அப்பாவுக்கும் வயிறு. முல்லைத்தீவுக் கடற்கரையில் மூன்று தலைமுறையாக நாங்கள் சம்மாட்டிகள். கரைவலை எங்களுடையது. இழுப்பது மற்றவர்கள். கரையில் வாடிக் கொட்டிலுக்குள் கதிரை போட்டு இருந்துகொண்டு பார்ப்பது எங்கள் வேலை.

எழுபத்தொன்பதாம் ஆண்டு தொடக்கத்தில், எனக்குச் சீனி வருத்தம் வரப் பார்க்கிறது என்று டொக்டர் சொன்னார். நான் பரம்பரைக் கதையை எடுத்து விட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பாதி பரம்பரைதான், மற்றப் பாதி நீங்கள் இருக்கிற கதிரை, உடம்பை அசைத்தால் பரம்பரையும் கொஞ்சம் அடங்கும் என்றார். வீட்டுக்கு வரும் வழியில் இரண்டாவது பாதியை மறந்துவிட்டேன்.

மனைவி றோஸ்மேரியிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். உங்கள் அண்ணன் யோசெப்புக்கும் அதே அப்பாதானே, நாள் தவறாமல் தோணி வலிக்கிற அவருக்கு வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கிறதே என்று கேட்டாள். அவன் அம்மா பக்கம் என்றேன். சோற்றுக்குப் பதிலாக, சீனிக்கு நல்லதென்று குரக்கன் மாப் பிட்டு அவித்து வைத்தாள். பிட்டு பரம்பரையை மாற்றாது என்று விளக்கிவிட்டு, அரைப் பானைச் சோற்றைப் பாரைமீன் குழம்போடு முடித்தேன். கோயில் வாசலிலும் சந்தையிலும் இதே விளக்கத்தைச் சொல்லித் திரிந்தேன். கடைசியில் றோஸ்மேரியும் "ஓம், பரம்பரைதான்" என்று அடங்கிவிட்டாள். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் நான் வென்ற முதல் வழக்கு அது.

பங்குனியில் எங்கள் மகள் புனிதத்துக்குப் பளையிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் வாத்தியார். புனிதத்துக்கும் நல்ல விருப்பம். தகப்பனுக்குக் கடையை விட்டு வர முடியவில்லை என்று தாய் மட்டும் வந்தார். பலகாரம் சாப்பிட்டார். வீட்டைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. உங்கட பகுதியில இந்த வயிறும் சீனியும் பரம்பரை எண்டு கேள்விப்பட்டம். நாளைக்கு எங்கட பேரப்பிள்ளையளுக்கும் வருமோ?"

கதவுக்குப் பின்னால் புனிதம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அத்தனை வயிறும் எரிந்தது.

"ஆர் சொன்னது? பரம்பரையுமில்லை, ஒண்டுமில்லை. இது சும்மா இருந்து வந்த வயிறு. மூண்டு மாதத்தில கரைச்சுக் காட்டுறன்."

"அப்ப அந்தோனியார் பெருநாள் கழிய வாறம். பாத்திட்டு முடிவு சொல்லுறம்."

மறுநாள் காலை கயிற்றைப் பிடித்தேன். இடுப்பில் வாரைக் கட்டி, மணலில் பின்பக்கமாக நடந்து வலையை இழுக்க வேண்டும். முதல் நாள் வலை கரைக்கு வர முன்னம் நான் விழுந்தேன். என்னிடம் கூலி வாங்குகிறவர்கள், "சம்மாட்டியார், கயிறு தொய்யுது" என்று என்னையே அதட்டினார்கள். குரக்கன் பிட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சித்திரை முடிய இடுப்பு வாரில் ஆணியால் மூன்று ஓட்டை போட்டாயிற்று. சீனி இறங்கியிருக்கிறது என்றார் டொக்டர். பரம்பரை எங்கே போனது என்று கேட்கவில்லை. நல்ல மனுசன்.

பெருநாள் கழிந்து கார் வந்து நின்றது. தாய் இறங்கி என்னை முன்னும் பின்னும் பார்த்தார். தங்களுக்குப் பூரண சம்மதம் என்றார். புனிதம் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு காரிலிருந்து ஒரு வயிறு இறங்கியது. அதைத் தொடர்ந்து மாப்பிள்ளையின் தகப்பன் இறங்கினார். என் பழைய வயிற்றுக்கு அது அண்ணன் முறை. வந்து இருந்ததும் தேத்தண்ணீருக்கு நாலு கரண்டி சீனி கேட்டார். தங்கள் குடும்பத்தில் எல்லோரும் இப்படித்தான், அது பரம்பரை என்று என்னிடமே சொன்னார்.

மூன்று மாதம் மணலில் இழுபட்டவன் நான். இந்த அநியாயத்தை றோஸ்மேரியிடம் சொல்ல, அவள் சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் போனேன். உள்ளே மாப்பிள்ளையின் தாய் குரலைத் தணித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் சொல்லித் தந்தபடியே கேட்டனான், அக்கா. உங்கட மனிசன் நல்லா வத்திட்டார். இனி எங்கட ஆளிட்டை நீங்கள் அதையே கேளுங்கோ."