பெயர் கேட்டு விழுந்த சர்வர்

என் சர்வரை யாராலும் அசைக்க முடியாது என்று சாப்பாட்டு மேஜையைத் தட்டிச் சொன்னேன். மேஜை அசைந்தது. அது வேறு விஷயம்.

சர்வர் என்றால் ஓட்டலில் பரிமாறுகிறவர் இல்லை. எங்கள் படுக்கையறை மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டர். என் மனைவி கல்யாண ஆல்பம் வடிவமைப்பவள். போட்டோக்காரர்கள் அவளுக்குப் படம் அனுப்புவது, முடிந்த ஆல்பத்தை எடுத்துக்கொள்வது எல்லாம் அதன் வழியாகத்தான். அமைத்துக் கொடுத்தவன் நான். ஆபீசில் லிஃப்ட்கூட என் பேச்சைக் கேட்பதில்லை. இந்தப் பெட்டி கேட்கும். அதனால் அதன்மேல் எனக்கு உயிர்.

அதில் ஓடுகிற மென்பொருள் அரதப் பழசு, புதுசு ஏற்றுங்கள் என்று மாதக்கணக்கில் நச்சரித்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று நழுவினேன். அன்றைக்கு வேறு மாதிரி ஆரம்பித்தாள். அந்தப் பதிப்பில் ஓட்டை இருக்கிறதாம், வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் அதைப் படுக்க வைக்கலாமாம்.

"பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். எவன் உள்ள வருவான்?"

"உள்ள எதுக்கு வரணும்? வாசல்ல நின்னே கடையைச் சாத்த வெச்சிடுவான். அப்புறம் யாருக்கும் சேவை கிடையாது."

"எங்க, நீ சாத்திக் காட்டு பார்ப்போம்."

"சாத்திட்டா அந்தப் பெட்டி வீட்டை விட்டுப் போகணும். அது உறுமுறதுல தூக்கமே இல்ல."

அந்த உறுமலில் என் குறட்டைக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டேன்.

அவள் லேப்டாப்போடு கூடத்துச் சோபாவில் சாய்ந்தாள். நான் சர்வருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தேன். கூடத்தில் கொஞ்ச நேரம் டகடகவென்று சத்தம். திரையில் சர்வர் நின்றுவிட்டது என்று ஒரு வரி வந்தது. பதறிப்போய்க் கிளப்பினேன். எழுந்தது. மறுபடி விழுந்தது.

கூடத்துக்கு ஓடினேன். "என்ன பண்ணின?"

"பேர் கேட்டுச்சு. சொன்னேன்."

எட்டிப் பார்த்தேன். உள்ளே நுழையுமுன் சர்வர் பெயர் கேட்கும் இடத்தில், நாளைக்குச்செய்றேன்னுசொல்றவர், ஈரத்துண்டைக்கட்டில்மேலபோடுறவர், மேஜையைத்தட்டுறவர் என்று இடைவெளியே இல்லாமல் என் பட்டங்கள். பத்தாததற்கு அவற்றையே மறுபடி மறுபடி ஒட்டியிருந்தாள். ஒரு பெயருக்கு இவ்வளவு இடம் போதும் என்று அந்த அப்பாவி மென்பொருள் நம்பியிருக்கிறது. என் பெருமை அதைத் தாண்டி வழிந்து, மற்ற வேலைகளுக்கு வைத்திருந்த இடத்தையெல்லாம் நாசமாக்கிவிட்டது. பாஸ்வேர்டு கேட்கிற கட்டத்துக்கே அது போகவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. சத்தியமாகப் பிரமிப்புதான் வந்தது. திட்டினால் நான் வாடுவேன், அது தெரியும். ஒரு இயந்திரமே சுருண்டு விழும் என்று யார் கண்டது? இத்தனை திறமையை என் ஒருவன்மேல் வீணடித்துக்கொண்டிருந்தாளே என்று மனசு கரைந்தது.

பிறகுதான் சுரீரென்றது. அன்று சாயங்காலம் ஒரு ஆல்பம் போய்ச் சேர வேண்டும். பெட்டியைக் காப்பாற்ற அதையே பிடித்துக்கொண்டேன். உன் வாடிக்கையாளர்களெல்லாம் என்ன ஆவது, இன்னும் ஒரு வாரமாவது இருக்கட்டும் என்று கெஞ்சினேன்.

அவள் லேப்டாப்பை மூடினாள்.

"ஆல்பம் காலையிலேயே போயாச்சுங்க. எல்லாரையும் போன மாசமே புது சர்வருக்கு மாத்திட்டேன். இதுல பாக்கி இருந்தது நீங்க ஒருத்தர்தான்."