முதல் பெஞ்சில் ஒரு துண்டு

படிப்பைப் பாதியில் விட்டவனுக்குத்தான் எப்படிப் படிக்க வேண்டும் என்பது முழுசாகத் தெரியும். பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அது நான். பத்தாவது தாண்டி, பியூசியில் தடுக்கி விழுந்தவன். என் மகள் எஸ்தர் பெங்களூரில் பி.காம். சேர்ந்த அன்றிலிருந்து அவளுக்கு நான் சொல்லாத யோசனை இல்லை. (அவள் கேட்ட யோசனையும் இல்லை.)

எங்களுக்குக் கோலார் தங்கவயலில் ஊரிகம். நான் பெங்களூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். விடியற்காலை ரயில் வண்டியில் நான் போவேன், அடுத்த வண்டியில் அவள் வருவாள். வண்டியை விட்டு இறங்கி அவள் ஓடி வகுப்புக்குள் நுழையும்போது கடைசி பெஞ்சுதான் மிச்சமிருக்கும். அதுவும் தூணுக்குப் பின்னால். போர்டும் தெரியாது, மேடம் சொல்வதும் கேட்காது. அக்கவுண்ட்ஸ் டெஸ்டில் ஃபெயில். அடுத்ததிலும் ஃபெயிலானால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"நான் நின்னுடறேன் நைனா," என்றாள் சாப்பிடும்போது. "டெய்லி ட்ரெயின்ல நசுங்கிக்கினு போயி தூணைப் பாத்துக்கினு வர்றதுக்கு, இங்கயே எதனா துணிக்கடைல சேந்துக்கறேன்."

என் மனைவி மேரி என்னைப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் யோசனை சொல்றீங்களே, இதுக்கு இன்னா சொல்றீங்க?"

கல்லூரியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா பேசியது நினைவுக்கு வந்தது. முன் பெஞ்சில் உட்கார வேண்டும், அன்றைய பாடத்தை அன்றே பார்க்க வேண்டும், சந்தேகத்தைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும் என்றார். யோசித்துப் பார்த்தேன். மற்றதெல்லாம் பிள்ளை செய்ய வேண்டியது. முன் பெஞ்சு ஒன்றுதான் அப்பன் செய்து தரக்கூடியது.

எங்கள் வண்டியில் ஒரு சட்டம் உண்டு. வண்டி புறப்படுகிற மாரிகுப்பத்துக்கே போய், அது காலியாக நிற்கும்போதே ஜன்னல் வழியாக சீட்டில் துண்டு போட்டுவிடுவோம். அதன் பிறகு அது துண்டு இல்லை, ஆள். பங்காருபேட்டையில் கூட்டம் முண்டியடித்து ஏறினாலும் துண்டு போட்ட இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். தெரியாமல் உட்கார்ந்த வெளியூர்க்காரரும் "ஆள் வருது" என்ற ஒரு சொல்லுக்கு எழுந்துவிடுவார். இந்தச் சட்டம் இந்தியா முழுவதற்கும் பொது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை பட்டறைக்குப் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு கல்லூரிக்குப் போனேன். எஸ்தருடைய வகுப்பு கீழ்த்தளம், ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருந்தது. உள்ளே ஈ காக்கை இல்லை. வெறும் துண்டு தூரமாகப் போகாது, நுனியில் கனம் வேண்டும். மேரி மதியத்துக்கு வைத்திருந்த அவித்த முட்டையைத் துண்டின் நுனியில் முடிந்து வீசினேன். முதல் பெஞ்சில், சரியாக நடுவில் போய் விழுந்தது. (முப்பது வருட அனுபவம் என்றால் சும்மாவா.)

அன்றைக்குப் பார்த்து பிரின்சிபால் வகுப்பை மேற்பார்வை பார்க்க வருகிறார் என்பது எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. பெஞ்சில் துண்டைப் பார்த்தவர்கள், அவருக்காகத்தான் விரித்திருக்கிறது என்று நினைத்து ஒதுங்கி உட்கார்ந்தார்கள். அவர் வந்தார். அவரும் துண்டு தனக்குத்தான் என்று நினைத்தார். உட்கார்ந்தார்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன். (கன்னடத்தில்தான் பேசினோம். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.)

"சார், அங்க ஆள் வருது."

அவர் திரும்பிப் பார்த்தார். "யார் நீங்க?"

"துண்டு என்னுது சார். கொஞ்சம் பின்னால தள்ளிப் போங்க. கடைசில இடம் காலியாத்தான் இருக்குது."

"நான் யாருன்னு தெரியுமா?"

"யாரா இருந்தாலும் துண்டு போட்ட இடம் சார். மந்திரி வந்தாலும் எந்திரிக்கணும்."

போர்டருகே நின்ற மேடத்தின் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தது. அந்த நேரம் பார்த்து எஸ்தர் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"எஸ்தரு, இங்க வா கண்ணு. நைனா இடம் புடிச்சி வெச்சிருக்கேன். இவரு இப்ப எந்திரிச்சிடுவாரு."

பிரின்சிபால் அவளைக் கேட்டார். "இவர் யாரும்மா?"

என் மகள் என்னை நன்றாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "தெரியாது சார்."

வகுப்பே சிரித்தது. பிரின்சிபால் கோபமாக எழுந்தார். முடிச்சு அவிழ்ந்து நசுங்கிய முட்டையும் அவரோடு எழுந்தது. அவர் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சள் கருவை முதலில் நான்தான் பார்த்தேன். "சார், பின்னால," என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் சொல்ல எனக்கே தைரியம் வரவில்லை.

அவர் துடைத்துக்கொண்டு, எஸ்தரிடம் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். அவள் ஊரிகம், வண்டி, தூண் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். அவர் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து, "உட்காரும்மா," என்றார். அந்த வகுப்பு முடியும்வரை அவள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கொட்டாவி விட முடியாது, ஜன்னல் பக்கம் திரும்ப முடியாது (அங்கே நான் நிற்கிறேன்), புரியாததைக் கேட்காமல் இருக்கவும் முடியாது, ஏனென்றால் "புரியுதா" என்று அவரே திரும்பித் திரும்பிக் கேட்டார். போகும்போது மேடத்திடம், வண்டியில் வரும் பிள்ளைகளுக்கு முதல் பெஞ்சை விட்டுவையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த டெஸ்டில் எஸ்தர் பாஸ். துணிக்கடைப் பேச்சு அதோடு நின்றது. எல்லாம் முன் பெஞ்சின் மகிமை என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"பெஞ்சும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள் அவள். "ஃபெயிலானா நீ திரும்ப வந்துடுவியோன்ற பயம் நைனா. அதுலதான் படிச்சேன்."

இப்போது கடைசி வருடம் படிக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொடுப்பதற்கு முன் இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறாள். போன மாதம் கல்லூரிப் பக்கமாகப் போனேன். அந்த ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்திருந்தார்கள். கொசுவுக்காக என்றார் வாட்ச்மேன். கட்டடத்தில் வேறு எந்த ஜன்னலுக்கும் வலை இல்லை.