சாம்பார் அண்டாவில் மாமனார்

தன் புத்தகத்தை யாருமே படிப்பதில்லை என்று புலம்புகிற எழுத்தாளர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். கொடுத்து வைத்தவர்கள். என்னுடைய முதல் நாவலை ஒரே மதியத்தில் ஒரு மண்டபமே படித்தது. அத்தனை பேரும் எனக்குப் பெண் கொடுக்க வந்திருந்தவர்கள்.

நாவலின் பெயர் 'ரத்தக் கொட்டடி'. முழுக்க ஜெயிலுக்குள் நடக்கிற கதை, மொத்தம் பதினேழு கொலை. (பதினெட்டாவது ஆள் பிழைத்ததற்குக் காரணம் என் இரக்கம் அல்ல, பேப்பர் விலை.) அப்போது நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருந்தேன். எனக்கும் ஜெயிலுக்கும் இருந்த ஒரே தொடர்பு, டவுனுக்குப் போகிற பஸ் அதன் மதிலை ஒட்டிப் போகும் என்பதுதான். உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியாததால், படித்த இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலை அப்படியே எழுதிவிட்டுக் கம்பிகளை மட்டும் சேர்த்தேன். மெஸ்ஸில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கொலைகாரர்களைப் பேச வைப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் நாயைத் துரத்தினாலும் மரியாதையாகத்தான் துரத்துவோம். "ஏனுங்க, செத்த திரும்பி நில்லுங்க, குத்தோணும்" என்று ஒரு கைதி இன்னொரு கைதியிடம் அனுமதி கேட்கிற இடமெல்லாம் முதல் பிரதியில் இருந்தது. அடித்து அடித்துத் திருத்தியும் சில கொலைகாரர்கள் கடைசிவரை பணிவாகவே இருந்தார்கள்.

அடுத்தது பெயர்கள். எங்கள் பக்கம் அப்பா தலைமுறை ஆண்களுக்குப் புழக்கத்தில் இருப்பது ஏழெட்டுப் பெயர்தான். கல்யாண வீட்டில் 'பழனிசாமி' என்று கூப்பிட்டால் பாதிப் பந்தி திரும்பிப் பார்க்கும். பழனிசாமி, சின்னசாமி, கந்தசாமி, பொன்னுசாமி என்று அதையே என் பிணங்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தேன். கோகிலாவை நான் பார்த்திராத காலம் அது. அவளுடைய அப்பா பெயர் பொன்னுசாமி என்று அன்றைக்கு எனக்கு எந்த ஜோசியர் சொன்னார்?

கோகிலா சென்னிமலைப் பெண். அப்பாவுக்குப் பெட்ஷீட் வியாபாரம், இவளுக்கு ஈரோட்டில் பேங்க் வேலை. பெண் பார்க்கப் போன அன்று பத்து நிமிஷம் பேசவிட்டார்கள். பேசிவிட்டு வெளியே வந்தபோது, இவள் கிடைக்காவிட்டால் இனி யாரையும் பார்க்கப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவ்வளவு பிடித்துவிட்டது.

இந்த இடத்தில் என் அப்பா வருகிறார். தேங்காய் விலையைத் தவிர வேறெதையும் படிக்காத மனிதர். மகன் எழுதிய புத்தகம் என்றதும் அட்டையைத் தடவிப் பார்த்து, என்ன கதை என்று கேட்டார். பதினேழு கொலை என்றால் அம்மாவிடம் போகும், அம்மாவிடம் போனால் ஊருக்குப் போகும். "ஜெயில்ல இருக்கறவங்க திருந்தற கதைங்கப்பா" என்று சொல்லிவைத்தேன். உண்மையில் அந்த நாவலில் ஒருத்தனும் திருந்தமாட்டான். திருந்தக்கூடிய இரண்டு பேரையும் மூன்றாம் அத்தியாயத்திலேயே தீர்த்துவிட்டேன்.

நிச்சயதார்த்தம் சென்னிமலையில் ஒரு மண்டபத்தில். தாம்பூலப் பை எங்கள் பொறுப்பு என்று அப்பா முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தார். ஏன் கேட்டார் என்று தட்டு மாற்றி முடிந்து, முதல் பந்தி கை கழுவி வரும்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு பையிலும் தேங்காய், வெற்றிலை பாக்கு, அதற்குக் கீழே ஒரு 'ரத்தக் கொட்டடி'. என் கட்டிலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த பிரதிகள் மொத்தமும் காரில் ஏறி வந்திருந்தன. "இந்தக் காலத்துல பொஸ்தகம் குடுக்கறதுதானுங்க நாகரிகம்" என்று அப்பா வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

திருப்பி வாங்கிவிடலாம் என்று பாய்ந்தேன். பைண்டிங் சரியில்லை, வேறு தருகிறேன் என்று ஆளாளுக்குக் கெஞ்சினேன். கொங்கு நாட்டில் அது நடக்கிற காரியமா? மாப்பிள்ளைக்குச் சிரமம் வேண்டாம், இதுவே போதும் என்று அத்தனை பேரும் பணிவாக மறுத்துப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள்.

விருந்தாளிகள் திரும்பிப் போக வேண்டிய வேன் வரத் தாமதமானது. கோகிலாவின் அத்தை ஒருவர், ரிட்டையரான தமிழ் டீச்சர், சும்மா உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நல்ல விஷயம் நாலு சொல்லலாமே என்று புத்தகத்தைத் திறந்தார். திறந்த இடம் நான்காம் அத்தியாயம். வகுப்பறைக் குரலில், கமாவுக்குக் கமா நிறுத்தி வாசித்தார்: "பொன்னுசாமியின் பிடரியைப் பிடித்து, கொதிக்கும் சாம்பார் அண்டாவுக்குள் அமுக்கினான். முருங்கைக்காய்களுக்கு நடுவே, பொன்னுசாமியின் கடைசி மூச்சு, குமிழ் குமிழாக வெளியேறியது."

அதே நேரத்தில் அசல் பொன்னுசாமி, அதாவது என் வருங்கால மாமனார், கடைசிப் பந்தியில் நின்று தன் கையாலேயே பரிமாறிக்கொண்டிருந்தார். கையில் வாளி. வாளியில் முருங்கைக்காய் சாம்பார். இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் அவரையும் பார்த்தார்கள், வாளியையும் பார்த்தார்கள், ரசத்துக்குப் போய்விட்டார்கள்.

அதன்பிறகு மண்டபத்தில் பக்கம் புரளும் சத்தம் மட்டும்தான். ஆண்கள் எல்லோரும் அவரவர் பெயரைத் தேட ஆரம்பித்தார்கள். சின்னசாமி மாமா தன் கழுத்து அறுபட்ட பக்கத்தைக் கண்டுபிடித்துக் கழுத்தைத் தடவிக்கொண்டார். இரண்டு பழனிசாமிகள் செத்தது எந்தப் பழனிசாமி என்று தகராறு செய்தார்கள். இன்பசேகரன் என்று ஒரு சித்தப்பா முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடிவிட்டு, தன் பெயரை மட்டும் விட்டுவிட்டதாக அப்பாவிடம் கோபித்துக்கொண்டு போனார். (பத்திரிகை வைக்காத கோபத்தைவிட இது அதிகம். இன்றும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.)

பொன்னுசாமி வாளியை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு என்மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?"

உளறுவதில் எனக்கு இருக்கும் திறமை எழுத்தில் கிடையாது. "இல்லீங்க மாமா, உங்களைப் பாக்கறதுக்கு முன்னாடியே கொன்னுபோட்டனுங்க" என்றேன்.

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய பங்காளிகள் சுற்றிக் கூடிவிட்டார்கள். இப்படிப்பட்ட மனசுக்காரனிடம் பெண்ணைக் கொடுத்தால் ராத்திரி நிம்மதியாகத் தூங்க முடியுமா என்று ஒருவர் கேட்டார். மாற்றிய தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இன்னொருவர் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அப்பா 'திருந்தற கதைங்க, திருந்தற கதைங்க' என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிப்போய் நின்றார். கோகிலா கைநழுவிப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

அப்போது கோகிலா பட்டுப்புடவையோடு அறையிலிருந்து வந்தாள். கையில் பையும் இல்லை, புத்தகமும் இல்லை. நேராகத் தன் அப்பா முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, நான் இதைய இவரு பொண்ணு பாத்துட்டுப் போன அந்த வாரமே ஆன்லைன்ல வாங்கிப் படிச்சுபோட்டனுங்க. முழுசாப் படிச்சுட்டுத்தான் சரின்னு சொன்னேன். அத்தை நாலாவது அத்தியாயத்தோட நிறுத்திப்போட்டாங்க. அதுக்கப்புறம் உங்களைக் கொன்னவங்கள்ல ஒருத்தனையும் இவரு உசுரோட உடலீங்க. உங்களுக்காகப் பதினாலு பேரைக் கொன்னிருக்காருங்க."

மாமனார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"பதினாலு பேரையுங்களா?" என்றார்.

"ஆமாங்க மாமா" என்றேன்.

பங்காளிகள் பக்கம் திரும்பி ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், காபி போடச் சொல்லிச் சமையல்காரருக்குக் குரல் கொடுத்தார். தட்டைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. இன்றும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் மாமனார் என் தோளில் கையைப் போட்டு முன்வரிசைக்கு இழுத்துப் போகிறார். அங்கே உட்கார்ந்திருக்கிற மாமனார்களுக்கெல்லாம் என்னை அறிமுகம் செய்கிறார்: "இவருதானுங்க என்ற மாப்பிள்ளை. எனக்கு ஒண்ணுன்னா பதினாலு பேரைச் சாச்சவரு." அதோடு விட்டால் பரவாயில்லை. அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் ரொம்பவும் அக்கறையாகக் கேட்கிறார்: "உங்க மாப்பிள்ளை உங்களுக்காக எத்தனை பேருங்க?"