ஸ்பீக்கரில் சொல்ல முடியாத சங்கதி

நாட்றாம்பாளையத்தில் இருக்கும் தங்கை பாப்பம்மாவுக்கு, ஓசூரிலிருந்து அக்கா இருளாயி ஆசீர்வதித்து எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் பொய். நீ நலமா என்று கேட்டால் நீ பொய் சொல்வாய். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன் பண்ணலாமே என்பாய். உன் வீட்டுக்காரர் ஆஞ்சப்பன் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். கர்ப்பப்பை இறங்கிய கதையை டீக்கடைக்கா சொல்வது?

நீ சிபாரிசு பண்ணிய ஜவளகிரி வைத்தியர் எண்ணெய் தடவி வயிற்றை இறுகக் கட்டச் சொன்னார். கட்டினேன். மூச்சு முட்டி இருமினேன், இருமியதில் இன்னும் கீழே வந்துவிட்டது. மருமகள் வினோதா டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். அந்தம்மா சிரித்துவிட்டு, "மேல அமுக்குனா கீழ தானே பாட்டி தள்ளும், பேஸ்ட்டு டியூப் மாதிரி!" என்றாள். உன் கல்யாணப் பந்தியில் எனக்குக் கிழிந்த இலை போட்டதைக்கூட மன்னிப்பேன், இதை மாட்டேன்.

டாக்டரம்மா மூன்று வழி சொன்னாள். பயிற்சி, தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு வளையம், இல்லாவிட்டால் ஆபரேஷன். கத்தி வேண்டாம் என்று மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டேன். பயிற்சி என்றால் மூத்திரத்தை அடக்குகிற மாதிரி இறுக்கிப் பிடித்துப் பத்து எண்ணி விடுவது. எனக்கு எண்ணிக்கை நிற்காது, அதனால் ஒரு பிடிக்கு ஒரு துரோகியை நினைத்துக்கொள்கிறேன். ஆளுக்குப் பஞ்சமே இல்லை. நீ காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் வருகிறாய். பக்கத்து வீட்டு ருக்ஸார் வினோதாவிடம், "பாட்டிமாக்கு எம்மேல என்னக்கா கோவம்? மொறைச்சுக்கினே உக்காந்திருக்காங்க" என்று கேட்டிருக்கிறாள். விவரம் சொன்னதும், இரண்டு பிள்ளை பெற்றவளாச்சே, அவளும் வாசல்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டாள். இப்போது பால்காரன் எங்கள் வாசலைத் தலை குனிந்துதான் தாண்டுகிறான்.

வளையத்தைக் கழுவி ஜன்னலில் காயவைத்திருந்தேன். கம்பெனியில் ரப்பர் சீல் சோதிக்கிற என் மகன் திருமலை அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எந்த வண்டிதும்மா இது? நம்ம லைன்ல ஓடாத சைஸா இருக்குதே" என்றான். "வெய்யிங்க கீழ, அது அத்தையோடது" என்றாள் வினோதா. அன்று முழுக்க அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் ராத்திரி என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "கீழ சம்மணம் போட்டு உக்காந்து எத்தினி வருசமாச்சு அத்தே? ஆபரேசன் பண்ணிக்கலாம்" என்கிறாள். நல்ல பெண்தான், ஆனாலும் நான் அசையவில்லை. மூன்று பிள்ளை சுமந்த பையை யார் கையிலும் கொடுக்க மாட்டேன். இதுவே முடிவு. சமாதானம் பண்ண நீ பஸ் ஏறி வர வேண்டாம்.

மஞ்சள் குங்குமத்தோடு நன்றாக இரு. எனக்கு முன்னால் மட்டும் போய்விடாதே.

அக்கா
இருளாயி

பி.கு.: கவர் ஒட்டப் பசை எடுக்கக் குனிந்தேன், தும்மல் வந்தது. மேற்கொண்டு எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆபரேஷனுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். அமாவாசை கழிந்த புதன்கிழமை. மயக்கம் தெளிந்து கண் திறக்கும்போது நீ எதிரில் இருக்கணும். பயமா இருக்குதுடி பாப்பா.