பாகூர் ரோடு முழுக்க ஸ்லோ

சேசு மரி சூசை துணை

செலியமேடு,
பங்குனி மாதம், 1974

நெய்வேலியில் இருக்கும் மாப்பிள்ளை இன்னாசிமுத்து அவர்களுக்கு மாமியார் ஆரோக்கியம் எழுதிக்கொண்டது. இங்கே நான், பேத்தி பிலோமினா, ஆடு எல்லோரும் சுகம். அங்கே என் மகளும் நீங்களும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

போன கடுதாசியில், பிலோமினா இங்கிலீஷில் "ஸ்லோ" என்று டீச்சர் சொன்னதாகவும், முழுப் பரீட்சையில் இங்கிலீஷ் போனால் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிடுவேன் என்றும் எழுதியிருந்தீர்கள். நான் அஞ்சாவது வரை படித்தவள். பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுதான், அதுவும் பாட்டு மட்டும். அதனால் பிள்ளையிடமே கேட்டேன். "மெதுவானதுன்னு அர்த்தம், ஆயா. பஸ்ஸைச் சொல்லலாம், கடியாரம் பின்னால ஓடினா அதையும் சொல்லலாம். மனுசாளச் சொன்னாத்தான் கோவம் வரும்" என்றது. "ஒனக்கு வந்திச்சா?" "வந்திச்சி. ஆனா ரோட்ல வளைவு வந்தா பலகைல இதே வார்த்தைய எழுதி வச்சிருப்பாங்க, பாத்ததும் டிரைவருங்க வேகத்த கொறச்சிடுவாங்க."

அங்கேதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. நம் உளுந்துச் செடியைப் பிடுங்கி ரோட்டில் பரப்பியிருந்தேன். பஸ் சக்கரம் ஏறினால் அடிக்கிற வேலை மிச்சம் அல்லவா. ஆனால் டிரைவர் கண்ணையன் வருகிற வேகத்தில் உளுந்தெல்லாம் வாய்க்காலில் போய் விழும், கத்தியும் பார்த்தேன், கும்பிட்டும் பார்த்தேன், கேட்கவில்லை. பிலோமினா சுண்ணாம்பைக் கரைத்து, செடிக்கு முன்னால் ரோட்டு அகலத்துக்கு அந்த ஸ்லோவை எழுதியது. மறுநாள் கண்ணையன் பூப்போல ஏறி இறங்கினான், உளுந்து அங்கேயே மணிமணியாகக் கிடந்தது. பிள்ளையின் ஒரு வார்த்தைக்கு பஸ்ஸே அடங்குகிறது, அதைப் போய் மந்தம் என்கிறீர்களே!

உடனே பக்கத்து வூட்டு பலராமன், "எங்க செடிக்கும் ஒரு ஸ்லோ போட்டுக் குடுடி கண்ணு" என்று வந்து நின்றான். அவனைப் பார்த்து ஊரே வந்தது. நானும் பெருமையில் சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். ஏரிக்கரை வரைக்கும் ரோடெல்லாம் ஸ்லோ. "இன்னா ஆயா, இதுக்கு நான் எறங்கித் தள்ளிக்கினே போலாமே" என்று கண்ணையன் அழாத குறை.

முந்தாநாள் இங்கிலீஷ் பரீட்சை. பிள்ளை பள்ளிக்கூடம் போகிற பஸ் ஊர்ந்தது. ஏரிக்கரைக்கு வரும்போதே பள்ளிக்கூட மணி கேட்டுவிட்டதாம். பிள்ளை பின்வாசலில் இறங்கி அழுதுகொண்டே வூட்டுக்குத் திரும்பிவிட்டது. "நானே எழுதி நானே மாட்டிக்கினேன் ஆயா" என்கிறது, சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை, திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள், படிப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். அந்த வார்த்தையின் அர்த்தமும் உபயோகமும் பிள்ளையைவிடத் தெரிந்த ஆள் இந்த பாகூர் கொம்யூனில் எந்த ஊரிலுமே கிடையாது.

மகளுக்கு முத்தம். உங்களுக்கு என் ஆசீர்வாதம். நீங்கள் வேலைக்குப் போகும் சைக்கிளுக்கு முன்னால் மாதா நடக்கட்டும்.

இப்படிக்கு,
ஆரோக்கியம்

பி.கு. கடுதாசியை ஒட்டுவதற்குள் இங்கிலீஷ் டீச்சரே வந்துவிட்டார். அவரும் அதே பஸ்ஸில் முன் சீட்டில்தான் இருந்தாராம், கேள்வித்தாள் கட்டு அவர் பையில். பரீட்சை யாருமே எழுதவில்லை, திங்கட்கிழமைக்குத் தள்ளியாகிவிட்டது. "ரோட்ல எழுதினது எந்தப் பொண்ணும்மா? ஒரு எழுத்து தப்பில்லை" என்றார். பிள்ளை கையெல்லாம் சுண்ணாம்பு. ஆகவே மேலே கெஞ்சியதையெல்லாம் தள்ளிவிடவும். அடுத்து கேழ்வரகு வருகிறது, சுண்ணாம்பு நிற்கவில்லை. வெள்ளை பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி அனுப்பவும். சீக்கிரம்; நீங்கள் இதில் கொஞ்சம் ஸ்லோ.