பிடித்த இடம்

"நிக்கணுமா, உக்காரணுமா டீச்சர்?"

கேட்டவள் முதல் பெஞ்சுக்காரி. மனசு எங்கே நிற்கிறதோ அங்கே உட்கார்ந்து கட்டுரை எழுதுங்கள் என்று ஆசிரியை சொல்லியிருந்தாள். சொல்லும்போது அழகாகத்தான் இருந்தது.

"பிடிச்ச இடத்துல இருந்து எழுதுங்கன்னு அர்த்தம்மா."

அவ்வளவுதான், பெஞ்சுகள் காலி.

அன்றைக்குத் தலைமையாசிரியை வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. ஆசிரியையின் வேலை நிரந்தரமாவது அதில்தான் இருந்தது. இவ்வளவு இளகின மனசு இருந்தால் பிள்ளைகள் தலையில் ஏறிவிடும் என்று அவர் முன்பே எச்சரித்திருந்தார். ஆனால் எல்லாக் கட்டுரையும் ஒரே கட்டுரையாக வருவதைத் திருத்தித் திருத்தி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அலுப்பு சில சமயம் தைரியம் மாதிரியே இருக்கும்.

மூன்று பேர் வராந்தாவுக்குப் போனார்கள். பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் அவர்களைப் பார்த்ததும், வெளியே அனுப்புகிற அளவுக்கு என்ன செய்தீர்கள் என்று ஆளுக்கொரு அதட்டல் போட்டார். அவள் ஓடிப்போய் அவர்களை உள்ளே அழைத்து வந்தாள். அவர்கள் சுவரோரமாக ஒதுங்கி, பராக்குப் பார்க்காமல் இருக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

ஜன்னலில் உட்கார்ந்திருந்தவன் பேனாவை வெளியே தவறவிட்டான். அவனை இறங்கச் சொல்லி வேறு பேனா கொடுத்தாள். அவன் தரையில் முட்டி போட்டு, பெஞ்சின் மேல் நோட்டை விரித்தான்.

"இப்பதான் டீச்சர் கை ஓடுது."

அதைக் கேட்டு இன்னும் பாதி வகுப்பு முட்டி போட்டது. முதல் பெஞ்சுக்காரி பெஞ்சின் மேலேயே ஏறி நின்று எழுத ஆரம்பித்தாள். மனசு நிற்கிறதாம்.

பிறகு சத்தமே இல்லை. பேனா உரசுவது மட்டும் கேட்டது. இப்படி ஒரு அமைதிக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தோமோ என்று அவளுக்குத் தோன்றியபோது, வாசலில் தலைமையாசிரியை நின்றிருந்தார்.

அவர் சுவரைப் பார்த்து நின்றவர்களைப் பார்த்தார். முட்டி போட்டவர்களைப் பார்த்தார். பெஞ்சின் மேல் நின்றவளை அண்ணாந்து பார்த்தார்.

"உங்களை என்னமோ நினைச்சிருந்தேன்மா," என்றார், மரியாதை கலந்த குரலில். "ஒரு மூச்சு சத்தம் இல்லையே. வேலையப் பத்தி இனிமே கவலைப்படாதீங்க. நான் எழுதி அனுப்பிடறேன்."

உண்மையைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். வாய் அவளைக் கேட்காமல் மூடிக்கொண்டது. இவ்வளவு நாள் தன்னை நேர்மையானவள் என்று நினைத்திருந்தது, சோதித்துப் பார்க்க யாரும் வராததால்தான் போலிருக்கிறது.

தலைமையாசிரியை போகிற போக்கில் மனம் இளகித் திரும்பினார்.

"பாவம், சின்னப் பிள்ளைங்க. இன்னைக்கு இது போதும். எல்லாரையும் பெஞ்சுல உக்கார வைங்க."

"சரிங்க மேடம்."

உட்காரச் சொன்னாள். பேனாக்கள் நின்றன. ஒருவர் பின் ஒருவராக அவரவர் வரிசைக்குத் திரும்பினார்கள். முதல் பெஞ்சுக்காரி கடைசியாக இறங்கி, பாதியில் நின்ற கட்டுரையை மூடி வைத்துவிட்டு, கண் கலங்கக் கேட்டாள்:

"நாங்க என்ன தப்பு பண்ணோம் டீச்சர்?"