நூலுக்கு இரண்டடி முன்னால்

அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். அதில் பாதிக்கு மேல் கொள்முதல் பிரிவில். குண்டூசி முதல் இரும்பு பீரோ வரை நான் வாங்கிய எந்தப் பொருளின் மீதும் ஒரு தணிக்கைத் தடை வந்ததில்லை. (பீரோக்களில் சில திறக்காது. அது வேறு விஷயம். திறக்கும் பீரோதான் வேண்டும் என்று யாரும் எழுத்தில் கேட்கவில்லை.) என் சொந்த வீட்டுக்கு ஒரே ஒரு பொருளைத்தான் அலுவலக முறைப்படி வாங்கினேன். அது ஒரு கேமரா. அதன் மீது என் மகள் எழுப்பிய தடை, நான் ஓய்வு பெற்ற பிறகும் பைசல் ஆகவில்லை.

மகள் அமுதா அப்போது கள்ளக்குறிச்சியில் எட்டாம் வகுப்பு படித்தாள். நானூறு மீட்டர் ஓடுவாள். விடிவதற்குள் எழுந்து பள்ளி மைதானத்தைச் சுற்றி வந்துவிட்டுத்தான் காப்பி குடிப்பாள். நான்கு மாதம் இப்படி ஓடினாள். அந்த ஆண்டு வட்டாரப் போட்டி கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையில் நடப்பதாக அறிவித்தார்கள். முதலில் வருபவர் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். இரண்டாவதாக வருபவருக்கு ஒரு சோப்புப் பெட்டி.

"அப்பா, நான் ஓடும்போது ஒரு போட்டோ எடுப்பீங்களா?" என்று கேட்டாள். "நிக்கற மாதிரி வேணாம்ப்பா. எல்லார் வூட்லயும் நிக்கற மாதிரிதான் இருக்குது. ஓடற மாதிரி."

குழந்தை கேட்டது இவ்வளவுதான். வேறு தகப்பனாக இருந்தால் கேமரா வைத்திருக்கும் யாரையாவது கூட்டிக்கொண்டு போயிருப்பான். நான் மூன்று விலைப்புள்ளிகள் கோரினேன்.

ஊரில் கேமரா விற்றது கரீம் பாய் ஒருவர்தான். கடிகாரம் பழுது பார்ப்பார், கூடவே பழைய கேமராக்களும் விற்பார். அவரிடம் மூன்று கேமராக்கள் இருந்தன. ஆகவே மூன்றுக்கும் மூன்று தனித்தனித் தாளில் விலைப்புள்ளி எழுதித் தரச் சொன்னேன்.

"ஒரே கடைல மூணு கொட்டேஷனா? இன்னா சார் இது கூத்து!" என்றார் பாய்.

"முறைன்னு ஒண்ணு இருக்குது பாய்."

"பாப்பா ஓடறத படம் புடிக்கணும், அவ்ளோதான சார்? அந்தச் சின்னத எடுத்துக்கினு போங்க. பிளாஸ்டிக்குதான், ஆனா வேகமா புடிக்கும்."

பிளாஸ்டிக் என்ற சொல்லைக் கேட்டதுமே அதன் விதி முடிந்துவிட்டது. அன்று மாலை ஒப்பு நோக்குப் பட்டியல் தயாரித்தேன். உடல் உலோகமா, உறை தோலா, உறைக்குப் பூட்டு உண்டா, கையேடு எத்தனை பக்கம் என்று வரிசையாகக் கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்தேன். ஜெர்மனியிலிருந்து யாரோ எப்போதோ கொண்டுவந்த ஒரு கேமரா எல்லாக் கட்டத்திலும் முதலிடம் பெற்றது. இரும்பு உடல். பழுப்புத் தோல் உறை. உறைக்குச் சாவியுடன் பூட்டு. கையேடு அறுபத்து நான்கு பக்கம், முழுக்க ஜெர்மன் மொழியில். (படிக்க முடியாத கையேட்டுக்கு நான் முழு மதிப்பெண் போட்டேன். பக்கம் பக்கம்தானே.) ஓடும் குழந்தையைப் பிடிக்குமா என்ற கட்டத்தை மட்டும் போட மறந்துபோனேன்.

பாய் தலையில் கை வைத்தார். "அத்த எடுக்காதீங்க சார். பாக்க ஜோரா இருக்குது, ஆனா உள்ள ஷட்டரு சோம்பேறி. உக்காந்துக்கினு இருக்கற ஆளுன்னா கண்ணாடி மாதிரி உழும். ஓடிக்கினு இருக்கற புள்ளைன்னா வெறும் புகைதான்."

"இதை எழுத்துல குடுப்பீங்களா?"

"வாயாலதான் சொல்றேனே சார், போதாதா?"

போதாது. வாய்மொழித் தகவல் கோப்பில் சேராது. ஜெர்மன் கேமரா என் வீட்டுக்கு வந்தது.

முதல் பிலிம் சுருளை வீட்டிலேயே சோதனைக்குப் பயன்படுத்தினேன். கழுவி வந்த படங்களைப் பார்த்து என் மனைவி சரோஜா வாய்விட்டுச் சிரித்தாள். அடுப்படியில் அவள் உடம்பு இருந்தது, தலை இருந்த இடத்தில் மூடுபனி இருந்தது. அமுதா ஓடிய படங்களில் அமுதாவே இல்லை. மொத்தச் சுருளிலும் தெளிவாக விழுந்தது எங்கள் அம்மிக்கல் ஒன்றுதான்.

"பாய் சொன்னாருன்னு சொன்னீங்களே. போய் மாத்திக்கினு வாங்க" என்றாள் சரோஜா.

மாற்றலாம்தான். ஆனால் தேர்வு தவறு என்று நானே குறிப்பு எழுதி, நானே ஒப்புக்கொண்டு, நானே கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தெட்டு வயதில் அந்தப் பழக்கம் எனக்கு வரவில்லை. ஆகவே கேமராவை மாற்றாமல் குடும்பத்தை மாற்றினேன்.

பயிற்சி எளிமையானது. நான் எந்த நேரத்திலும் "அசையாதே!" என்று குரல் கொடுப்பேன். கேட்டவர் கேட்ட இடத்தில் கால்களைச் சேர்த்து, கைகளைப் பக்கவாட்டில் வைத்து, மோவாயை நிமிர்த்தி நிற்க வேண்டும். ஷட்டர் 'டக்' என்று ஓசை எழுப்பும்வரை இமைக்கக் கூடாது. ஓடும் படம் கிடைக்காவிட்டால் என்ன, ஓடி முடித்து முடிவுக் கோட்டு நூலடியில் நிற்கும் படம் கிடைக்குமே என்பது என் சமாதானம். சரோஜா முதல் நாளே கரண்டியைக் காட்டி விலகிக்கொண்டாள். அமுதா மட்டும் மாட்டிக்கொண்டாள். சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும்போது "அசையாதே!" என்பேன், கவளத்தைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து நிற்பாள். ஒரு வாரத்தில் அப்படித் தேறிவிட்டாள். அவள் கீழ்ப்படியும் குழந்தை. அன்று அதற்காகப் பெருமைப்பட்டேன் என்பதை நினைத்தால் இன்று காது மடல் சுடுகிறது.

போட்டி நாளன்று காலை பேருந்து ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும் வளைவுகளில் சரோஜா மகளின் முதுகைத் தடவிக்கொண்டு வந்தாள். நான் மடியில் கேமராவை வைத்து, உறையின் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். சாவி என் அரைஞாண் கயிற்றில் பத்திரமாக இருந்தது.

மைதானத்தில் எட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அமுதாவுக்குப் பக்கத்தில் ராமாயி என்ற அந்த ஊர்ப் பெண், காலில் ஷூ இல்லை. முடிவுக் கோட்டில் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருந்தார்கள். நூலுக்குப் பின்னால், ஓடுபாதைக்கு நேராக, நான் கேமராவுடன் நின்றேன்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. புள்ளைங்க வந்து மோதிக்கும்" என்றார் போட்டியை நடத்திய உடற்கல்வி ஆசிரியர்.

நான் நகரவில்லை.

விசில் ஊதினார்கள். முதல் பாதியில் ராமாயி முன்னால். கடைசி வளைவில் அமுதா அவளைத் தாண்டினாள். அப்படியொரு ஓட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கேமராவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பற்களைக் கடித்திருந்தாள். ராமாயி இருபதடி பின்னால். நூலுக்கு இன்னும் நாலு எட்டுதான். முகம் கட்டத்துக்குள் கச்சிதமாக வந்து பொருந்தியது. அவ்வளவுதான், என் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"அசையாதே!"

அமுதா நின்றாள்.

நூலுக்கு இரண்டடி முன்னால், குதிகால்களைச் சேர்த்து, கைகளைப் பக்கவாட்டில் வைத்து, மோவாயை நிமிர்த்தி, இமைக்காமல் நின்றாள்.

இதுவரை எழுதியதை நான் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இனி வரும் வரியைச் சொன்னதில்லை. அப்போதும் ராமாயி பின்னால்தான் இருந்தாள். "ஓடு" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், என் மகள் நூலைத் தொட்டிருப்பாள். சொல்ல நேரம் இருந்தது. ஆனால் எனக்கு முதலில் தோன்றியது, படம் தெளிவாக விழும் என்பதுதான். நான் பொத்தானை அழுத்தினேன்.

'டக்' ஓசை கேட்டதும் அமுதா பாய்ந்தாள். நூல் அதற்குள் ராமாயியின் மார்பில் இருந்தது.

அந்த அளவில் மானத்தோடு பேருந்து ஏறியிருக்கலாம். எனக்கு விதிகள் தெரியும். வெளியாள் குறுக்கீட்டால் பந்தயம் பாதிக்கப்பட்டால் மறு ஓட்டம் கோரலாம். அங்கேயே ஒரு வெள்ளைத் தாள் வாங்கி முறையீடு எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டேன். 'குறுக்கிட்டவர் பெயர்' என்ற இடம் வந்ததும் பேனா கொஞ்சம் தயங்கியது. உண்மையை எழுதினேன்.

உடற்கல்வி ஆசிரியர் இரண்டு முறை படித்தார். "சார், மனு குடுக்கறவரும் நீங்க. தப்பு பண்ணவரும் நீங்க. நான் யார கூப்ட்டு விசாரிக்கறது?"

"ரெண்டு பேரையும் விசாரிக்கலாம். விதியில தடை இல்லை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராமாயி மட்டும் சிரிக்கவில்லை. பரிசு போய்விடுமோ என்ற பயத்தில் ஆசிரியரின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அமுதா வந்து ஆசிரியர் கையிலிருந்த தாளை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. அந்தப் பொண்ணு நல்லாதான் ஓடிச்சு. நின்னது நான்தான."

தாளை நாலாக மடித்து, இரண்டாம் பரிசாகக் கிடைத்த சோப்புப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். மலையிறங்கும் பேருந்தில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அதற்கும் இடம் தரவில்லை. சரோஜா மட்டும் ஒரு வளைவில் என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்க ஆபீசுலயும் இப்பிடித்தான் இருப்பீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்பதுதான் பதில். நான் வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

படம் வந்தது. கரீம் பாய் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஷோக்கா உழுந்திருக்குது சார்! ஸ்டூடியோல எடுத்த மாதிரி! ஆமா, எதிருல நூலு கட்டிக்கினு இருக்குது, பாப்பா ஏன் ஓடாம நிக்குது?" பிறகு படத்தின் ஓரத்தைத் தட்டிக் காட்டினார். "இது இன்னா சார், புகையா?"

"அதுதான் பாய் முதல் பரிசு" என்றேன்.

பாய்க்குப் புரிந்ததும் படத்தை மெல்ல உறையில் போட்டுக் கொடுத்தார். நான் சொன்னேனே என்று சொல்லவில்லை. அவர் எழுத்தில் தராதது அன்று எனக்குச் செய்த உதவி. எழுத்தில் இருந்திருந்தால் அந்தப் படத்தோடு அதையும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டியிருந்திருக்கும்.

அடுத்த ஆண்டு அமுதா மாவட்டப் போட்டிக்குப் போனாள். என்னை அழைத்துப் போகவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யார் படமெடுக்க எழுந்தாலும், முதலில் "அப்பா வாயப் பொத்துங்க" என்று ஒரு குரல் வரும். நானும் கையால் வாயைப் பொத்திக்கொள்வேன். செல்போன் வந்த பிறகும் இந்த நடைமுறையில் திருத்தம் இல்லை. சோப்புப் பெட்டி நெடுநாள் புழக்கத்தில் இருந்தது. குளிக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துத் தொலைக்க வேண்டியிருந்தது.

அமுதாவின் கல்யாணம் சங்கராபுரத்தில் நடந்தது. மாலை மாற்றி முடிந்ததும் புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கினார். பாவம், அவருக்கு எங்கள் வரலாறு தெரியாது.

"அம்மா, அசையாதீங்க!"

மேடையில் சரோஜாவின் முகம் மாறியது. அமுதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பட்டுப்புடவையைக் கொசுவத்தோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, மார்பை முன்னால் தள்ளி, இரண்டடி பாய்ந்தாள். புகைப்படக்காரருக்கு அந்த நேரம் பார்த்து பிளாஷ் எரியவில்லை.

ஆல்பத்தைப் பார்க்க வருகிறவர்கள் அந்தப் பக்கத்தில் நின்றுபோவார்கள். மாப்பிள்ளை மாலையோடு திகைத்து நிற்கிறார். பக்கத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ இழுபட்டுத் தெரிகிறது.

"பொண்ணு எங்கங்க?" என்று கேட்பார்கள்.

"அதோ, ஓடிக்கினு இருக்குதே" என்பாள் சரோஜா.

அதே படத்தின் ஓரத்தில், பட்டு வேட்டி கட்டிய ஓர் ஆளும் இருக்கிறான். கையால் வாயைப் பொத்தியிருக்கிறான். குதிகால்களைச் சேர்த்து, மோவாயை நிமிர்த்தி, ஓர் இம்மிகூட அசையாமல் நிற்கிறான். மொத்த ஆல்பத்திலும் அவன்தான் அத்தனை தெளிவாக விழுந்திருக்கிறான்.